குழந்தைகள் நடத்திய கோர்ட்டு

பிறர் மனத்தை அறிந்து நடந்துகொள்வதைச் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பாடமாகவே சொல்லிக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி இன்று பல தேசங்களில் அடிபடுகிறது. கனடாவில், டொராண்டோ நகரத்தில், மேரி கார்டன் என்ற அம்மையார் 1996-ல் ஒரு முறையைத் தொடங்கிவைத்தார். பிறந்து சில மாதங்களே ஆன ஒரு குழந்தையைத் தாய் மாதம் ஒரு தடவை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வருவாள். பச்சை நிறக் கம்பளி ஒன்றை விரித்து அதன்மேல் குழந்தையை விடுவார்கள். மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். இது ஏன் சிணுங்குகிறது, இதற்கு என்ன வேண்டும், இப்போது ஏன் சிரிக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் போல இதுவும் ஒரு பாடம். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பச்சைக் குழந்தையிடம் மனம் இளகுவது எல்லோருக்கும் வரும். பென்சிலைத் திருடிக்கொண்டவன், முதுகில் குத்திவிட்டு ஓடியவன், பத்துப் பேருக்கு நடுவில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவன், இவன் மனத்தில் அந்த நிமிஷம் என்ன இருந்திருக்கும் என்று யோசிப்பதுதான் வராது. பெரியவர்களுக்கே வராது.

இந்தக் கடினமான பாடத்தை, இப்போதைக்கு ஒரு நூறு வருஷங்களுக்கு முன்னால், போலந்து தேசத்தின் வார்சா நகரில் ஒருவர் நடத்திப் பார்த்தார். அவர் ஒரு டாக்டர். கதாசிரியரும்கூட. அதனால்தானோ என்னவோ அவரிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

அவருடைய உண்மைப் பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். பிறந்த வருஷம் 1878 அல்லது 1879. தகப்பனார் பிறப்பை உடனே பதிவு செய்யாமல் விட்டுவிட்டபடியால் அவருக்கே நிச்சயமில்லை. வசதியான யூதக் குடும்பம். தகப்பனார் வக்கீல், பிற்காலத்தில் சித்தம் கலங்கி, மகன் படித்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். ஹென்ரிக் வைத்தியப் படிப்பில் சேர்ந்த 1898-ம் வருஷத்தில் ஒரு நாடகப் போட்டிக்கு எழுதி அனுப்பியபோது, பழைய போலிஷ் நாவல் ஒன்றின் கதாநாயகன் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அந்தக் கதாநாயகன் 'யானஷ்'. அச்சுக்கோத்தவர் கைத்தவறுதலால் அது 'யானுஷ்' ஆகிவிட்டது என்பார்கள். அவரும் திருத்தவில்லை. யானுஷ் கோர்ச்சாக் என்றே உலகம் அவரை அறிகிறது. அச்சுப் பிழையால் பெயர் பெற்ற எழுத்தாளர் என்று வேறு யாரையும் எனக்குத் தெரியாது. பெயர் கெட்டவர்கள் ஏராளம்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவர் நல்ல பெயர் எடுத்தார். பணக்கார வீடுகளில் கேட்ட பீஸ் கொடுத்தார்கள். ஆனால் குணமாகித் திரும்பும் ஏழைக் குழந்தை எந்தத் தெருவுக்கு, எந்தக் குடிசைக்குத் திரும்புகிறது என்ற யோசனை அவரை விடவில்லை. ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, 1912 அக்டோபரில், குரோக்மால்னா தெரு 92-ம் நம்பரில் புதிதாகக் கட்டிய யூத அநாதை விடுதிக்குத் தலைவரானார். ஏறக்குறைய நூறு குழந்தைகள். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை. ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்ற பெண்மணி விடுதியின் தாய். முப்பது வருஷம் அந்த வீட்டை நடத்தியது உண்மையில் அவர்தான். முதல் உலக யுத்தத்தில் டாக்டரை ரஷ்யச் சைன்யத்தில் வைத்தியத்துக்கு இழுத்துக்கொண்டு போனபோது, நாலு வருஷம் தன்னந்தனியாகச் சமாளித்தார். இம்மாதிரி வரலாறுகளில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வாக்கியம்தான் கிடைக்கிறது. நானும் அதைத்தான் செய்கிறேன்.

அந்த வீட்டில் இருந்தது கோர்ட்டு. விளையாட்டுக் கோர்ட்டு அல்ல. நீதிபதிகளும் குழந்தைகள், வாதி பிரதிவாதிகளும் குழந்தைகள்.

ஒரு வேடிக்கை. அதே குரோக்மால்னா தெருவில், 10-ம் நம்பர் வீட்டில், அந்தக் காலத்தில் ஒரு யூத மதகுரு குடியிருந்தார். தம்பதிச் சண்டை, பாகப்பிரிவினை, கடன் தகராறு எல்லாவற்றையும் தம் வீட்டுக் கூடத்தில் வைத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்லுவார். அவருடைய சின்னப் பையன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அந்தப் பையன்தான் ஐசக் பஷேவிஸ் சிங்கர்; 1978-ல் நோபல் பரிசு பெற்றவர். தகப்பனாரின் அந்தக் கோர்ட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆக, அழுக்கும் வறுமையும் பிரசித்தமான அந்த ஒரே தெருவில் இரண்டு கோர்ட்டுகள் நடந்தன. இரண்டும் ஸர்க்கார் கோர்ட்டு அல்ல.

டாக்டரின் கோர்ட்டு நடந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். விடுதியில் ஒரு பலகை தொங்கும். ஒருவன்மேல் புகார் இருந்தால் பலகையில் தன் பெயரையும் அவன் பெயரையும் எழுதிவிட வேண்டியது. அடிக்கக் கூடாது, உபாத்தியாயரிடம் ஓடக் கூடாது என்று யாரும் உபதேசம் செய்ய மாட்டார்கள். 'உன்மேல் கேஸ் போடுகிறேன்' என்ற ஒரு வார்த்தை போதும். வாரம் ஒரு தடவை விசாரணை. ஐந்து நீதிபதிகள். அந்த வாரத்தில் எவன்மேல் எந்த வழக்கும் இல்லையோ அவர்கள் பெயரை எழுதிக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஓர் ஆசிரியர் குமாஸ்தாவாக இருந்து வாக்குமூலங்களை நோட்டில் எழுதிக்கொண்டு வாசிப்பார். அவருக்கு ஓட்டுக் கிடையாது. பலகையில் எழுதிய நாளுக்கும் விசாரணை நாளுக்கும் நடுவில் சில நாட்கள் போய்விடும் அல்லவா? அதற்குள் வாதிக்குக் கோபம் தணிந்து, 'நான் மன்னித்துவிட்டேன்' என்று வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வது சர்வசாதாரணம். கோர்ட்டின் பாதி வேலையைக் காலமே செய்துவிடும்.

சட்டத்தை எழுதியவர் டாக்டர். அதில்தான் அவருடைய கதாசிரிய மூளை தெரிகிறது. உலகத்துச் சட்டப் புத்தகங்கள் எல்லாம் தண்டனைகளை வகை வகையாகப் பிரித்து அடுக்கும். மன்னிப்பு என்பது எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். இவர் அதைத் தலைகீழாக்கினார். ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரையிலான பிரிவுகள் அத்தனையும் விடுதலை அல்லது மன்னிப்பு. கண்டிப்பு நூறில்தான் ஆரம்பம். அதற்குப் பிறகு இருநூறு, முந்நூறு என்று தாவித் தாவி ஆயிரம் வரை போகும். ஐந்நூறு, அறுநூறுக்கு மேல் போனால் தீர்ப்பை விடுதிப் பத்திரிகையில் வெளியிடுவது, பலகையில் ஒட்டுவது, வீட்டாருக்குச் சொல்லி அனுப்புவது. ஆயிரம் என்றால் விடுதியிலிருந்து நீக்கம். அடியோ பட்டினியோ எந்தப் பிரிவிலும் இல்லை.

மன்னிப்புக்கு எதற்காக இத்தனை பிரிவுகள்? தெரியாமல் செய்தான் என்றால் ஒரு நம்பர். பின்னால் இப்படி விளையும் என்று எதிர்பார்க்கவில்லை என்றால் வேறு நம்பர். கோபத்தில் செய்ததற்கு ஒன்று. எல்லோரும்தான் செய்கிறார்கள், இவன் ஒருவனைப் பிடித்துத் தண்டிப்பது நியாயமில்லை என்பதற்கு ஒன்று. வாதியே மன்னித்துவிட்டான் என்பதற்கு ஒன்று. செய்ததற்கு அவனே வருத்தப்படுகிறான் என்றால் 71. ஆகவே பத்து வயது நீதிபதி ஒருவன், இவனை விட்டுவிடலாம் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. எந்த நம்பரில் விடுவது? இவன் பயந்தானா, பொறாமைப்பட்டானா, பிறர் தூண்டிவிட்டார்களா, வெறும் விளையாட்டா? எதிரில் நிற்பவன் நெஞ்சுக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்தாலொழிய நம்பர் போட முடியாது. இன்றைக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சிரிக்கும் முகம் அழும் முகம் என்று படம் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அந்தப் பாடத்தையே இவர் மனுவும் தீர்ப்புமாக நடத்தினார். அதிலும் நேற்றைக்கு நீதிபதியாய் இருந்தவன் நாளைக்குக் குற்றவாளியாய் நிற்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். தன் முறை வரும்போது எந்த நம்பர் கிடைக்க வேண்டும் என்ற நினைவோடுதான் ஒவ்வொருவனும் தீர்ப்பெழுதினான்.

நாமும் மனுநீதிச் சோழன் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டுதான் வருகிறோம். பசுகூட வந்து இழுக்கும்படியாக ஆராய்ச்சி மணி தொங்கியதாம். கதையைச் சொல்லிவிட்டுத் தூங்கு என்கிறோம். வீட்டுக்குள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மணி கட்ட வேண்டும் என்று எந்தத் தகப்பனுக்கும் தோன்றியதில்லை. மணி இருந்தால் முதலில் யார்மேல் அடிக்கும் என்று நமக்குத் தெரியும்.

டாக்டர் அதற்கும் தயாராக இருந்தார். ஆசிரியர்கள் மீதும், தம் மீதும் வழக்குப் போடலாம் என்று சட்டத்தில் இருந்தது. ஆறு மாத காலத்தில் ஐந்து தடவை அந்தக் கோர்ட்டின் முன்னால் தாம் நின்றதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒரு பையன் காதில் அறைந்தது, ஒரு பையனைப் படுக்கை அறையிலிருந்து வெளியே தள்ளியது, ஒருவனை மூலையில் நிறுத்தியது, ஒரு நீதிபதியை அவமரியாதையாகப் பேசியது, ஒரு பெண்ணைத் திருடி என்று சந்தேகப்பட்டது. இந்த ஐந்து வழக்குகளும் தம்மைப் புது மனிதனாக்கியதாக அவர் கருதினார். குழந்தைகளுடனேயே வாழ்ந்து, குழந்தைகளுக்காகவே கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்த மனிதர், கை நீட்டியதையும் வாய் தவறியதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாரே என்பதுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை ஏற்படக் காரணம். மகான்களைப் பற்றிய புத்தகங்களில் இந்த மாதிரிப் பக்கங்களைக் கிழித்துவிடுவார்கள்.

கோர்ட்டு தேவலோகம் போல நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அற்பத்துக்கெல்லாம் வழக்குப் போட்டுப் பலகையை நிரப்பினார்கள். சில முரடர்கள், எப்படியும் மன்னிப்புத்தானே என்று கோர்ட்டைக் கேலி செய்தார்கள். தீர்ப்பு ஒரு நம்பர்தானே, உடம்பில் வலிக்கிறதா என்றார்கள். ஒரு கட்டத்தில் டாக்டர் கோர்ட்டையே சில காலம் மூடிவிட்டார். பயந்த சுபாவமுள்ள குழந்தைகளுக்கு அப்போது போக்கிடம் இல்லாமல் போயிற்று. மறுபடியும் திறந்தார். மன்னிப்பது நல்லது, ஆனால் சாதுவை முரடனிடமிருந்து காப்பாற்றுவதும் கோர்ட்டின் வேலை என்பது அவர் சட்டத்தின் முகவுரையிலேயே இருந்த கருத்து. இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று அவர் கடைசிவரை தேடிக்கொண்டுதான் இருந்தார்.

வேறு ஏற்பாடுகளும் இருந்தன. புதிதாக வரும் குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பெரிய குழந்தை காப்பாளர். இருவரும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அன்று செய்த தப்பை, மனத்தில் பட்ட வருத்தத்தைச் சின்னது எழுதும். பெரியது கீழே பதில் எழுதும். முந்தின வருஷம் தானே புதுசாக வந்து ராத்திரி அழுத குழந்தைதான் இப்போது பதில் எழுதுகிறது. அந்த நோட்டுக்கு மேல் எந்த வாத்தியார் என்ன எழுதிவிட முடியும்? சண்டைக்கும் தடையில்லை. ஆனால் இன்னாரோடு சண்டை போடப் போகிறேன் என்று முன்கூட்டியே பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும். முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டு போடுகிற சண்டையில் என்ன சூடு இருக்கும்? தவிர, இந்த வாரம் இத்தனை தடவைக்கு மேல் பொய் சொல்ல மாட்டேன், அடிக்க மாட்டேன் என்று டாக்டரிடமே பந்தயம் கட்டலாம். ஜெயித்தால் மிட்டாய். ஜெயித்தோமா என்பதைக் கட்டியவனே சொல்ல வேண்டியது, சாட்சி கிடையாது.

எனக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் மற்றக் குழந்தைகள் ஓட்டுப் போடுவார்கள். பிடிக்கும் என்றால் கூட்டல் குறி, பிடிக்காது என்றால் கழித்தல் குறி, இரண்டும் இல்லை என்றால் பூஜ்யம். வந்து ஒரு மாதத்தில் ஒரு தடவை. வருஷம் கழித்து மறுபடியும். தன்னை மற்றவர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்று தெரிந்தால் திருந்த வழி பிறக்கும் என்பது டாக்டரின் நோக்கம். திருந்தியவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் தாயும் தகப்பனும் இல்லாமல் வந்து சேர்ந்த ஒன்பது வயதுக் குழந்தை, தன் பெயருக்கு எதிரே முப்பது கழித்தல் குறிகளை எண்ணிப் பார்ப்பதைக் கற்பனை செய்ய எனக்குத் தைரியமில்லை. மனத்தைத் தொட்டுத் தொட்டுப் பிரிவுகள் எழுதிய அதே கை இதையும் செய்தது.

அவருக்கு இன்னொரு பக்கத்தில் சிஷ்யர்கள் இருந்தார்கள். உபாத்தியாயராகப் பயிற்சி பெறுகிறவர்களுக்கு அவர் வார்சாவில் சொற்பொழிவு செய்வதுண்டு. குழந்தையின் இதயம் என்று ஒரு நாள் தலைப்பு. வகுப்பறைக்குப் பதிலாக ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்கு எல்லோரையும் வரச் சொன்னார். கையில் ஒரு சிறுவனைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றி யந்திரத்தின் பின்னால் நிறுத்தி விளக்கை அணைத்தார்கள். அறிமுகமில்லாத முகங்கள், இருட்டு, யந்திரத்தின் உறுமல். திரையில் அந்தப் பையனின் இதயம் படபடவென்று அடித்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு குழந்தைமேல் கோபம் வந்து கையை ஓங்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டுச் சொற்பொழிவை முடித்துவிட்டாராம். கேட்டவர்கள் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. பெரியவர்களுக்கு இப்படித்தான் கண்ணால் காட்ட வேண்டியிருந்தது. குழந்தைகளுக்குக் கோர்ட்டே போதும்.

1926-ல் குழந்தைகளே எழுதும் பத்திரிகை ஒன்றை ஆரம்பித்தார். யுத்தம் வரும்வரை அது ஒரு தினசரியின் அனுபந்தமாக வந்தது. 1930-களில் ரேடியோவில் பேசினார். யூத விரோதம் தலைதூக்கிய சமயம். ஆகவே பெயரைச் சொல்லாமல் 'கிழ டாக்டர்' என்றே அறிவிப்பார்கள். நாடே அந்தக் குரலைக் கேட்டது. விடுதிக் குழந்தைகளோ பதினான்கு வயதானதும் வெளியே போய்ப் பிழைக்க வேண்டும். வெளியே கோர்ட்டு இல்லை, எழுபத்தொன்றாம் பிரிவு இல்லை. மனத்தை மென்மையாக்கி ஓநாய்களுக்கு நடுவில் அனுப்பலாமா என்ற கேள்வி எழத்தான் செய்தது. இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்லுகிறேன்.

1939 செப்டம்பரில் ஜெர்மானியர் வந்தார்கள். 1940 நவம்பரில் வார்சாவின் யூதர்களை எல்லாம் ஒரு மூலையில் அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். விடுதி குரோக்மால்னா தெருவைக் காலி செய்துவிட்டுச் சுவருக்குள் போக வேண்டியதாயிற்று. போகும் வழியில் குழந்தைகளின் உருளைக்கிழங்கு வண்டியைக் காவல்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்கப் போன டாக்டர், யூதர் அணிய வேண்டிய கைப்பட்டை இல்லாமல் பழைய போலிஷ் ராணுவ உடுப்போடு போய் நின்றார். உதைத்துச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தபோது உடம்பு போயிருந்தது. வயது அறுபதுக்கு மேல். அப்புறம் ஒவ்வொரு நாளும் தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக் குழந்தைகளுக்குப் பிச்சை கேட்பதுதான் அவர் உத்தியோகம். குழந்தைகளின் எண்ணிக்கையோ இருநூறை நெருங்கிவிட்டது. சுவருக்கு வெளியே தப்புவிக்கிறோம் என்று பழைய சிநேகிதர்கள் ஆள் அனுப்பினார்கள். தமக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

1942 ஜூலை 18-ந் தேதி விடுதியில் ஒரு நாடகம் போட்டார்கள். அது நம்முடைய ரவீந்திரநாதரின் 'தபால் நிலையம்'. வங்காளத்தில் அந்த நாடகம் வெளிவந்தது, குரோக்மால்னா தெருவில் விடுதி திறந்த அதே 1912-ல். வியாதிக்காரச் சிறுவன் அமல் வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் உத்தரவு. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகும் தயிர்க்காரனையும் காவல்காரனையும் பூக்காரச் சிறுமியையும் கூப்பிட்டுப் பேசுகிறான். ராஜாவின் கடிதம் வரும் என்று காத்திருந்து கண்ணை மூடுகிறான். தயிர்க்காரன் தன் தொழிலே ஓர் ஆனந்தம் என்று அந்தப் பையனிடம் கற்றுக்கொண்டு போவான். எஸ்தர்கா என்ற மாணவி நாடகத்தைப் பயிற்றுவித்தாள். பசியோடிருந்த குழந்தைகள் நடித்தார்கள். பசியோடிருந்த ஜனங்கள் வந்து பார்த்தார்கள். இந்த நாடகத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, மரணத்தைச் சாந்தமாக ஏற்கக் குழந்தைகள் அறிந்துகொள்ள வேண்டும் என்ற கருத்துப்பட டாக்டர் பதில் சொன்னதாகத் தெரிகிறது. நாலு நாள் கழித்து, ஜூலை 22-ந் தேதி, சுவருக்குள்ளிருந்து ஜனங்களை ரயிலேற்றி அனுப்பும் காரியம் ஆரம்பமாயிற்று. அன்றுதான் டாக்டரின் பிறந்த நாளும்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு காலை விடுதியின் முறை வந்தது. ஆகஸ்டு 5 என்பார்கள், 6 என்றும் சொல்வார்கள். சுமார் இருநூறு குழந்தைகள் வரிசை வரிசையாகத் தெருவில் நடந்து ரயிலடிக்குப் போனார்கள். டாக்டர் முன்னால், ஸ்டெபானியாவும் மற்ற ஆசிரியர்களும் கூட. ட்ரெப்ளிங்கா போன அந்த ரயிலிலிருந்து யாரும் திரும்பவில்லை.

அதற்கு முந்தைய சில மாதங்களாக, ராத்திரிகளில், டாக்டர் குறிப்புகள் எழுதிக்கொண்டு வந்தார். அந்தக் காகிதங்களைச் சுவருக்கு வெளியே சேர்த்து, பியலானியில் இருந்த வேறொரு குழந்தைகள் இல்லத்தின் சுவரில் வைத்துப் பூசி, யுத்தம் முடிந்த பிறகு எடுத்தார்கள். கடைசிக் குறிப்பு அந்த ஆகஸ்டு மாத ஆரம்பத்தில் எழுதியது. விடியற்காலம். டாக்டர் ஜன்னலோரம் நின்று பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். கீழே துப்பாக்கியோடு ஒரு ஜெர்மன் சிப்பாய் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜன்னலில் தெரியும் தமது வழுக்கைத் தலை நல்ல குறி என்று கிழவருக்குத் தோன்றுகிறது. ஏன் சுடாமல் நிற்கிறான்? உத்தரவு இல்லை போலும். யுத்தத்துக்கு முன்னால் இவன் என்னவாக இருந்திருப்பான் என்று யோசிக்கிறார். கிராமத்து வாத்தியாரோ? தெருக்கூட்டுகிறவனோ? ஓட்டல் சர்வரோ? இங்கே நடப்பது இவனுக்குத் தெரியாமலும் இருக்கலாம். தூரத்திலிருந்து நேற்றைக்குத்தான் வந்திருக்கலாம். இங்கிருந்து தலையை அசைத்துச் சிநேகிதமாகக் கையைக் காட்டினால் இவன் என்ன செய்வான் என்று கேட்டுக்கொள்கிறார். குறிப்பு அவ்வளவோடு நிற்கிறது.